சவுல் யாருடைய சொல்லைக் கேட்டான்? மூன்று கிழமை வேதபாடத்துக்கான குறிப்பு

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் வாலிபருக்கு வேதபாட வகுப்பு எடுக்கும் ஒருவருக்குக் ‘கடவுளுக்குக் கீழ்ப்படிதல்’ என்ற தலைப்பில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் வாழ்க்கை தரப்பட்டிருக்கிறது. மூன்று கிழமை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். எதை எடுப்பது, எதை விடுவது, அமலேக்கியரைக் கைக்குழந்தைகளோடு கொல்லச் சொன்ன வசனத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடப் பிரம்புதான். எங்கள் ஊரில் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது: ‘சொல்வழி கேட்டல்’. சொல்வழி கேளாத பிள்ளை என்று ஏசாத வீடு இல்லை. எபிரேய வேதத்திலும் கீழ்ப்படிதலுக்கென்று தனியாக ஒரு வினைச்சொல் கிடையாது. ‘ஷமா’ என்ற சொல்தான் காதால் கேட்பதற்கும், கேட்டபடி நடப்பதற்கும். இன்னொன்றும் இருக்கிறது. சவுல் என்ற பெயர் ‘ஷாஅல்’ என்ற வினையிலிருந்து வருவது. ‘கேட்டு வாங்கப்பட்டவன்’ என்று பொருள். எபிரேயத்தில் இவை இரண்டு வேறு வினைகள். தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’ என்ற ஒரே சொல் போதும். ஆகவே இந்தப் பாடத்தைத் தமிழில் எடுக்கிறவருக்கு ஆங்கிலத்தில் எடுக்கிறவரை விட வசதி அதிகம். அதை வீணாக்க வேண்டாம்.

1 சாமுவேல் புத்தகம் முழுவதையும் இந்தச் சொல்லால் கோத்துவிடலாம். அன்னாள் பிள்ளையைக் கேட்டாள். 1:28இல் அவள் அந்தப் பிள்ளையை, பின்னாளில் தீர்க்கதரிசியான சாமுவேலை, கர்த்தருக்குக் கொடுக்கும்போது எபிரேயத்தில் வரும் சொல் ‘ஷாஊல்’, அதாவது சவுலின் பெயரேதான். 3ஆம் அதிகாரத்தில் அந்தப் பிள்ளை “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்கிறான். 8ஆம் அதிகாரத்தில் சனம் ராஜாவைக் கேட்கிறது, கிடைத்தவன் சவுல். கடைசியில், 28ஆம் அதிகாரத்தில், அவன் எந்தோரிலே அஞ்சனம் பார்க்கிறவளிடம் கேட்கப் போகிறான். நாங்கள் ‘சாத்திரம் கேட்கப் போறது’ என்கிறோமே, அதே கேட்டல்தான். பலகையில் இந்த நாலு வசனத்தையும் எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: இந்த ஆள் யாருடைய சொல்லைக் கேட்டான்? மூன்று கிழமைக்கும் அது காணும்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்குங்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சவுல் வேறு ஆள், பின்னர் பவுல் என்று அறியப்பட்டவர். இரண்டுபேரும் பென்யமீன் கோத்திரத்தார், தமிழில் ஒரே எழுத்து. பெரிய பிள்ளைகளே குழம்புவார்கள்.

முதற்கிழமைக்கு 1 சாமுவேல் 10:8ஐயும் 13ஆம் அதிகாரத்தின் முதல் 15 வசனங்களையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்காவிட்டால் 13ஆம் அதிகாரம் விளங்காது. அநேக பிரசங்கங்கள் பிழைக்கும் இடமும் இதுதான். ‘சவுல் ஆசாரியன் இல்லை, பலி செலுத்தியதால் தண்டனை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியென்றால் தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது செலுத்திய பலி (2 சாமுவேல் 6:17), சாலொமோன் கிபியோனிலே செலுத்திய பலி (1 இராஜாக்கள் 3:4) என்ன கணக்கு? அவர்கள் கண்டிக்கப்படவில்லை. சிக்கல் 10:8இல் இருக்கிறது. சாமுவேல் சொன்னதில் இரண்டு பகுதி உண்டு: ஏழு நாள் காத்திரு, நான் வந்து நீ செய்யவேண்டியதை அறிவிக்கும்வரை காத்திரு. சவுல் முதற்பகுதியை எண்ணி எண்ணிக் காத்தான், இரண்டாவதை விட்டுவிட்டான். நாட்கணக்கு சரி, ஆனால் சொல்லக் காத்திருந்தவருடைய சொல்லைக் கேட்காமலே காரியம் தொடங்கிவிட்டது.

அவனுடைய நெருக்கடியைக் குறைத்துக் காட்ட வேண்டாம். தொகைகளைப் பிள்ளைகளைக் கொண்டே தேடி எடுப்பியுங்கள். சவுலிடம் தெரிந்தெடுத்த 3,000 பேர். 2,000 பேர் அவனோடு, 1,000 பேர் அவன் மகன் யோனத்தானோடு. எதிரே பெலிஸ்தர், குதிரைவீரர் மட்டும் 6,000. சனம் கெபிகளிலும் முட்காடுகளிலும் கன்மலைகளிலும் குகைகளிலும் ஒளிக்கிறது. ஆயுதம் அடிக்க இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லை. யுத்தநாளில் சவுலிடமும் யோனத்தானிடமும் தவிர வேறு ஒருவரிடமும் பட்டயம் கிடையாது. இந்த நிலையில் ஏழாம் நாள் வந்தும் சாமுவேலைக் காணவில்லை. ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் இருந்த தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. ‘நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது கதைக்க விடுங்கள். அவசரப்பட்டுச் சவுலைக் குற்றவாளியாக்கினால் அந்தக் கிழமைப் பாடம் அத்தோடு செத்துவிடும்.

பிறகு 15ஆம் வசனத்தைக் காட்டுங்கள். பலி முடிந்தபின் சவுல் எண்ணிப் பார்க்கிறான்: ஏறக்குறைய 600 பேர். சனம் சிதறிப்போகாமல் இருக்கத்தான் பலி செலுத்தினான். செலுத்தியும் நின்றது அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்தில் யோனத்தான் தன் ஆயுததாரி ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஏறக்குறைய 20 பேரை வீழ்த்துகிறான், பெலிஸ்தரின் பாளயம் கலங்குகிறது. “அநேகம்பேரைக்கொண்டாகிலும் கொஞ்சம்பேரைக்கொண்டாகிலும்” என்ற 14:6 அங்கே சொல்லப்பட்டது. தகப்பன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில் மகன் சொன்னது.

14:19ஐ விட்டுவிடாதீர்கள். சின்ன வசனம், ஒருவரும் அதில் பிரசங்கம் பண்ணுவதில்லை. சவுல் ஆசாரியனைக் கூப்பிட்டுக் கர்த்தரிடம் விசாரிக்கத் தொடங்குகிறான். எதிரிப் பாளயத்தில் கலகச் சத்தம் வரவரக் கூடுகிறது. உடனே ஆசாரியனைப் பார்த்து “இருக்கட்டும்” என்கிறான். கேட்கத் தொடங்கிப் பாதியில் விட்டாயிற்று; இனிக் கேட்கத் தேவையில்லை, நிலைமை சாதகம். சவுலின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்று நான் சொல்லுவேன். ஜெபத்தை இப்படிப் பாதியில் ‘இருக்கட்டும்’ என்று விடாதவர் எங்களில் யார்?

இரண்டாங்கிழமை 15ஆம் அதிகாரம், 35 வசனமும். அமலேக்கியரை ஒன்றும் விடாமல் அழிக்கும்படி கர்த்தர் சாமுவேல் மூலம் சவுலுக்குச் சொன்ன கதை இது. ஒருவரே வாசிக்காமல் சாமுவேல், சவுல், கதை சொல்பவர் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். உரையாடல் அதிகம் என்பதால் வாசிக்கும்போதே பாதி விளங்கிவிடும். இந்த அதிகாரம் ‘கோல்’ என்ற எபிரேயச் சொல்லின்மேல் நிற்கிறது; சத்தம், குரல் என்று பொருள். முதலாம் வசனத்தில் “கர்த்தருடைய வார்த்தைகளின் சத்தத்தைக் கேளும்” என்கிறார் சாமுவேல். 14இல் “என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?” 24இல் சவுலின் வாயிலிருந்தே உண்மை வருகிறது: “நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்.” மூன்று இடத்திலும் அதே சொல். கர்த்தரின் குரல், ஆட்டின் குரல், சனத்தின் குரல். பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து மூன்றையும் கோடிடச் சொல்லுங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே மடக்கலாம்: 8:7இல் கர்த்தரே சாமுவேலிடம் ‘சனத்தின் சொல்லைக் கேள்’ என்றாரே! நல்ல கேள்வி. அங்கே சாமுவேல் முதலில் கர்த்தரிடம் போய்ச் சொன்னார், பதில் பெற்றார், பிறகுதான் சனத்துக்கு இணங்கினார். 15ஆம் அதிகாரத்தில் சவுல் ஒருவரிடமும் போகவில்லை.

அடுத்து, சவுல் விட்டுவைத்தது எது என்று பாருங்கள். ஒன்பதாம் வசனம் தெளிவு: அமலேக்கியரின் ராஜா ஆகாக், ஆடுமாடுகளில் முதற்தரமானவை, நலமானவை எல்லாம் தப்பின, “அற்பமானவைகளும் உதவாதவைகளுமான” எல்லாம் அழிந்தன. கேட்டால் ‘பலியிடத்தான் வைத்தோம்’ என்கிறான். இதில் என்ன பிழை என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியாது. பலியின் வகையைச் சொல்லித்தான் விளக்க வேண்டும். சர்வாங்க தகனபலி என்றால் மிருகம் முழுவதும் எரியும். சமாதானபலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு, மிச்ச இறைச்சியெல்லாம் கொண்டுவந்தவர்கள் சாப்பிட (லேவியராகமம் 7). சவுல் 15, 21 வசனங்களில் சொல்லும் ‘பலியிடுதல்’ பெரும்பாலும் இந்தச் சாப்பிடும் வகையைக் குறிக்கும் சொல். நேரே சொன்னால், கர்த்தரின் பெயரில் பங்கு இறைச்சி. அதிலும் ‘ஹெரெம்’ என்று, அதாவது முற்றிலும் அழிக்கும்படி, ஒதுக்கப்பட்டது ஏற்கெனவே கடவுளுக்குரியது. அவருடையதை எடுத்து அவருக்கே காணிக்கை என்று நீட்டுவது என்ன காணிக்கை?

இதற்கு எங்கள் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டாம். காணி உறுதி முடிக்கும்போது பெறுமதியைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடித்த காசில் கோவிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுப்பது. சீதனம் வாங்கிவிட்டு ‘நாங்கள் கேட்கேல்லை, அவையாத் தந்தவை’ என்பது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், நற்கருணை எல்லாவற்றிலும் குறைவில்லாமல், கலியாணப் பேச்சு வந்தவுடன் மட்டும் சாதி கேட்பது. யாழ்ப்பாணச் சபைகள் தப்பவைத்த கொழுத்த ஆடு இதுதான் என்பது என் எண்ணம். எளிதில் விடக்கூடியதையெல்லாம் விட்டோம், வெற்றிலைத் தட்டம்வரை விட்டோம். ‘சனம் என்ன சொல்லும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டோம். வாலிபர் வகுப்பில் இதைப் பேசினால் அடுத்த கிழமை பெரியவர்கள் உங்களைக் கூப்பிடக்கூடும். ஆயத்தமாக இருங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

சவுலின் பேச்சில் இலக்கணத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். 15ஆம் வசனம்: “தப்பவைத்தார்கள்”, ஆனால் “அழித்துப்போட்டோம்”. பிழையானது சனம் செய்தது, சரியானது நாங்கள் செய்தது. மூன்று இடத்தில் “உம்முடைய தேவனாகிய கர்த்தர்” என்கிறான். ‘என்னுடைய’ என்று ஒருமுறையும் வரவில்லை. 30ஆம் வசனத்தில் பாவத்தை ஒத்துக்கொண்ட அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். இதோடு 10:27ஐ ஒப்பிட்டால் பிள்ளைகள் அசந்துபோவார்கள். ராஜாவான புதிதில் சிலர் அவனை இகழ்ந்தபோது “அவனோ காதுகேளாதவன்போல இருந்தான்”. சனத்தின் சொல்லுக்குச் செவிடாக இருக்கத் தெரிந்தவன்தான். எப்போது கேட்கத் தொடங்கினான்? பதில் ஓரளவு 15:12இல்: கர்மேலிலே தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான். (இது எலியாவின் கர்மேல் பர்வதம் அல்ல, யூதாவின் தெற்கே எபிரோன் பக்கத்து ஊர். படத்தில் காட்டும்போது மாறிவிடக் கூடாது.)

22ஆம் வசனம், “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்”, மனப்பாட வசனமாக இருக்கட்டும். ஆனால் அதைக் கொண்டு ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களை ஏச வேண்டாம். அந்த வசனம் சொல்லப்பட்டது வழிபாட்டில் குறைவைத்தவனுக்கு அல்ல, வழிபாட்டைக் காட்டித் தப்பப் பார்த்தவனுக்கு.

இனி மூன்றாம் வசனம். இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. 2009வரை யுத்தம் நடந்த மண்ணில், குடும்பத்தில் ஒருவரையாவது இழந்த பிள்ளைகளுக்கு முன்னால், “பிள்ளைகளையும் குழந்தைகளையும்” கொல்லச் சொல்லும் வசனத்தைச் சும்மா வாசித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது கொடுமை. வாசிக்கமுன் ஒரு சொல் சொல்லி வையுங்கள். முகம் மாறுகிற பிள்ளை இருந்தால் அன்றைக்கு வாசிப்பை நீங்களே எடுங்கள்.

விளக்கமாக நான்கு விஷயம் சொல்லலாம். முதலாவது, இந்தக் கேள்வி புதிதல்ல, அவிசுவாசமும் அல்ல. யூத ரபிமாரின் தல்மூதிலே, யோமா பகுதியில், சவுலே இதைக் கேட்டதாக ஒரு மரபு இருக்கிறது: பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் சின்னவர்கள் என்ன செய்தார்கள், மிருகங்கள் என்ன செய்தன? இரண்டாவது, அக்கால யுத்த மொழி. 1868இல் திபோனில் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டிலும் அதே ஹெரெம் என்ற சொல்லும், முழுவதும் அழித்தேன் என்ற அதே பேச்சும் வருகின்றன. 15ஆம் அதிகாரத்தில் ‘சங்காரமான’ அமலேக்கியர் 27ஆம், 30ஆம் அதிகாரங்களில் மறுபடி வருகிறார்கள். 30:17இல் 400 வாலிபர் ஒட்டகத்தில் ஏறித் தப்புகிறார்கள். எனவே எழுத்துக்கு எழுத்து எடுக்கத் தேவையில்லை என்று பல அறிஞர் சொல்வர். எல்லாருக்கும் இது மனநிறைவு தராது, எனக்கும் முழுவதும் தருவதில்லை. மூன்றாவது, சவுல் இரக்கத்தினால் விட்டுவைக்கவில்லை. கைக்குழந்தையை விட்டான் என்று எங்கும் இல்லை. ராஜாவையும் கொழுத்த மிருகத்தையும் விட்டான். நான்காவதுதான் மிக முக்கியம்: இன்றைக்கு எந்த மனுஷனும் இன்னொரு இனத்தை ‘அமலேக்கு’ என்று பெயர்வைத்து இந்த வசனத்தைக் கையிலெடுக்க முடியாது. அதை நேராகவே சொல்லுங்கள்.

அதற்குச் சான்று வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதோடு மூன்றாங்கிழமையைத் தொடங்கலாம். 22ஆம் அதிகாரம், நோப் என்ற ஆசாரியரின் ஊர். தான் எதிரியாக நினைத்துத் துரத்திய தாவீதுக்கு உதவினார்கள் என்று சவுல் ஆசாரியரைக் கொல்லச் சொல்கிறான். சேவகர் ‘மாட்டோம்’ என்று கைநீட்டாமல் நிற்கிறார்கள். ஏதோமியனான தோவேக்கு 85 பேரைக் கொல்கிறான். 19ஆம் வசனத்தை 15:3க்குப் பக்கத்தில் வையுங்கள்: ஆண், பெண், குழந்தை, கைக்குழந்தை, மாடு, கழுதை, ஆடு. ஒட்டகத்தைத் தவிர ஏறக்குறைய அதே பட்டியல். கடவுள் சொன்னதாக வந்தபோது பாதியில் நிறுத்தியவன், தன் சந்தேகத்துக்காகத் தன் சொந்த ஆசாரியர்மேல் முழுவதும் நிறைவேற்றினான்.

அன்றைக்குக் கடவுளின் சொல்லைக் கேட்டவர்கள் யார்? ராஜ கட்டளையை மறுத்த அந்தப் பெயர் தெரியாத சேவகர். 14:45இலும் அப்படித்தான், யோனத்தானைக் கொல்லச் சவுல் துணிந்தபோது சனம் தடுத்தது. கீழ்ப்படிதல் பாடம் எடுக்கும்போது இதை விட்டுவிட்டால், பாடம் மெதுவாக ‘போதகர் சொன்னால் வாய் பேசாதே’ என்று மாறிவிடும். பெரியவர் ஒருவர் பிழையாகத் தொட்டாலும் அதட்டினாலும் வாய்மூடி இருப்பது கீழ்ப்படிதல் அல்ல என்று வாலிபருக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, இந்த வகுப்பிலேயே சொல்ல வேண்டும். சபையில் அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

தாவீதின் மனந்திரும்புதலோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு (2 சாமுவேல் 12:13). ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். தாவீதின் பாவம் சிறியதுபோல ஒலிக்கும் அபாயம் இருக்கிறது.

மிச்ச நேரத்தை 28ஆம் அதிகாரத்துக்கு வையுங்கள். கர்த்தர் சொப்பனத்தாலும், ஊரீமாலும் (கடவுளின் சித்தத்தை அறிய ஆசாரியர் வைத்திருந்தது), தீர்க்கதரிசிகளாலும் பதில் சொல்லவில்லை என்கிறது 6ஆம் வசனம். ‘ஏன் கடவுள் இப்படிக் கைவிட்டார்?’ என்று கேட்பார்கள். காரணத்தின் ஒரு பகுதி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: நோபிலிருந்து தப்பிய ஆசாரியன் அபியத்தார், கர்த்தரிடம் விசாரிக்க உதவும் ஏபோத்து என்ற ஆசாரிய உடையோடு தாவீதிடம் ஓடிவிட்டான் (23:6). சாமுவேல் 15ஆம் அதிகாரத்துக்குப் பிறகு சவுலிடம் வரவில்லை, இப்போது இறந்தும்விட்டார். பதில் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகத் தானே அடைத்துவிட்டுத்தான் அவன் எந்தோருக்குப் போனான். இந்த இடத்தில் சாத்திரம் கேட்கப் போகிறவர்களை நக்கலடிக்க வேண்டாம். காணாமற்போன பிள்ளையைத் தேடி மை போட்டுப் பார்த்த தாய்மார் எங்கள் சபைகளிலும் இருக்கிறார்கள். சவுலின் கதை அவர்களுடைய கதை அல்ல.

கடைசியாக 21 முதல் 25வரை ஆறுதலாக வாசியுங்கள். நாள் முழுக்கச் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடக்கிறான் ராஜா. அந்தப் பெண் வந்து, நான் உம்முடைய சொல்லைக் கேட்டேன், இப்போது நீர் என் சொல்லைக் கேளும், ஒரு துணிக்கை அப்பமாவது சாப்பிடும் என்கிறாள். முதலில் மாட்டேன் என்கிறான். பிறகு ஊழியக்காரரும் அவளும் வருந்திக் கேட்க, “அவர்கள் சொற்கேட்டு” எழும்பிக் கட்டிலில் உட்காருகிறான். சவுல் ஒருவருடைய சொல்லைக் கேட்டதாக வேதம் சொல்வது அதற்குப் பிறகு இல்லை. அவள் வீட்டில் நின்ற கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மா பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். சாப்பிட்டுவிட்டு இரவோடிரவாக வெளிக்கிட்டுப் போகிறார்கள். வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். சவுல் செத்த கில்போவா மலைக்கு அன்றைக்குப் போக வேண்டாம்.